வினை எண் நாற்பத்தேழு: உட்காருதல்

இருபத்திரண்டு வருஷமாக ஊரையே உட்கார வைத்த மனிதருக்கு உட்காரத் தெரியாது என்று ஒரு வாரியம் முத்திரை குத்திக் கடிதம் அனுப்பினால் அவர் என்ன செய்வார்? நம் குஷன்காரர் முதலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு முறை படித்தார். பிறகு பட்டறையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், கடிதத்தின்படி தான் இப்போது செய்தது தன்னால் முடியாத காரியம் என்பது அவருக்கு உறைத்தது.

"விண்ணப்பதாரர் வினை எண் 47-இல் தேர்ச்சி பெறவில்லை. அவருக்கு உட்காரத் தெரியாது என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது." கீழே அயல்மொழித் தகுதிச் சான்றளிப்பு வாரியத்தின் வட்ட முத்திரை. அந்த வாரியத்தில் எதைச் சான்றளிப்பதற்கும் மூன்று மாதம் ஆகும். தெரியாது என்பதைச் சான்றளிக்க மட்டும் இரண்டே நாள்.

பேருந்து ஸீட்டிலிருந்து பல் டாக்டரின் சாய்வு நாற்காலி வரை குஷன்காரர் கை படாத இருக்கை அந்த வட்டாரத்தில் கிடையாது. யாராவது சோபாவில் சாய்ந்து 'அப்பாடா' என்றால் அதில் பாதி அப்பாடா அவரைச் சேர்ந்தது. அப்பேர்ப்பட்ட மனுஷனைப் போய் இப்படிச் சொல்லலாமா? வயிறு எரியத்தானே செய்யும்!

ஆனால் அவருக்கு ரோஷத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவர் மனைவி நர்ஸ். கடல் தாண்டி, ஸ்பானிஷ் பேசும் ஒரு நாட்டில், ஆஸ்பத்திரியில் வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து இப்போதுதான் முதல் பிள்ளை. பிரசவத்துக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. "வேற ஒண்ணும் வேணாங்க. வலி வர்றப்போ பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்துக்கோங்க. எத்தனை பேருக்கு நான் பிரசவம் பாத்திருக்கேன்! எனக்குன்னு வர்றப்போ பக்கத்துல ஆள் வேணாமா?" என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். அங்கே போக விசா வேண்டும். விசாவுக்கு வாரியத்தின் முதல் நிலை ஸ்பானிஷ் சான்றிதழ் வேண்டும். மொத்தம் அறுபது வினைச்சொற்கள். சாப்பிடுவது, குளிப்பது, தூங்குவது எல்லாம் சேர்த்து ஐம்பத்தொன்பதில் மனுஷன் தேறிவிட்டார். இந்த நாற்பத்தேழு மட்டும் காலை வாரிவிட்டது.

மறுநாள் காலை வாரியத்தின் கூடத்தில் போய் நின்றார். நாற்பது நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு சிவப்புக் கயிறு. சுவரில் பலகை: 'வினை எண் 47-இல் தேர்ச்சி பெறாதவர்கள் அமரக் கூடாது.' முப்பது பேர் சுவரோரமாக நின்றார்கள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதில் தரையில் பாலிஷ் போய், ஆளுக்கு ஒரு ஜோடி வெள்ளைத் தடம் விழுந்திருந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

"சார், உக்காரத் தெரியாதுன்னு போட்டிருக்கீங்களே, எனக்குத் தொழிலே அதுதானுங்க," என்றார் குஷன்காரர்.

"தொழில் வேற, வினை வேற," என்றார் எழுத்தர். "நான் உட்காருகிறேன்னு எழுதச் சொன்னா என்ன எழுதியிருக்கீங்க பாருங்க. மே ஸென்தோ. அப்படி இந்த உலகத்துல யாருமே உக்கார்றது கிடையாது. மே ஸியென்தோ. அதான் சரி."

"ஒரு எழுத்துதானே சார்?"

"ஒரு எழுத்தா? வேரே தப்பாப் போச்சு!" எழுத்தர் ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "ஸென்தார்ஸே. இதுதான் வினை. கடைசியில ஒரு 'ஸே' தொங்குது பாருங்க, அது வால். தன்னைத்தானேன்னு அர்த்தம். ஸ்பானிஷ்காரன் சும்மா உக்கார மாட்டான், தன்னைத்தானே உக்கார வச்சுக்குவான். 'நான்'னு வந்தா அந்த வாலை வெட்டி 'மே'ன்னு தலையில வைக்கணும். வச்சிருக்கீங்க. ஆனா நடுவுல இருக்கற 'ஸெ', 'ஸியெ'ன்னு மாறணும். மாத்தலை. பாதி உக்காந்திருக்கீங்க. பாதி உக்கார்றதுன்னா என்ன? விழுறது."

"சரிங்க, தப்புதான். திரும்ப எழுதறேன். அதுவரைக்கும் இப்படி ஓரமா..." குஷன்காரர் ஒரு நாற்காலியைப் பார்த்தார்.

"கூடாது. சொல்லத் தெரியாததைச் செய்ய வாரியத்துல அனுமதி இல்ல. தூங்கறது வினை ஐம்பத்திரண்டு. அதுல பாஸ் பண்ணியிருக்கீங்க. தாராளமாத் தூங்கலாம்."

"நின்னுக்கிட்டேயா?"

"ஏன், எங்க ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே தூங்கலையா? அவங்கவங்க தகுதிக்கு ஏத்த மாதிரி."

குஷன்காரருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "வேற வழியே இல்லீங்களா? மன்னிச்சுக்கோங்கன்னு ஸ்பானிஷ்ல எழுதிக் கொடுத்தாக்கூட..."

"அது 'லோ ஸியென்தோ'. அந்தச் சொல் இந்த அலுவலகத்துல பயன்பாட்டுல இல்ல," என்றார் எழுத்தர், கொஞ்சமும் முகம் மாறாமல்.

மறுதேர்வு எழுத இரண்டு முத்திரை வேண்டுமாம். கீழ்த்தளத்தில் வேர்ப் பிரிவு. அங்கே ஒரு மேடம் 'ஸெ'யை 'ஸியெ' ஆக்கி முத்திரை குத்துவார். மாடியில் வால் பிரிவு. அங்கே ஒரு சார் 'ஸே'யைப் பிடுங்கி 'மே'யாக்கித் தலையில் வைத்து முத்திரை குத்துவார். இரண்டு நிமிஷ வேலை என்று நினைத்தார் குஷன்காரர். அப்பாவி!

"வால் தொங்கற வேரை நாங்க தொட மாட்டோம். மேல போய் எடுத்துட்டு வாங்க," என்றார் வேர்ப் பிரிவு மேடம்.

"வேர் மாறாம வாலை எடுத்தா வினை செத்துடும். கீழ போய் மாத்திட்டு வாங்க," என்றார் வால் பிரிவு சார்.

பதினாறு படி. ஆறு முறை ஏறி ஆறு முறை இறங்கினார். ஏழாவது முறை மேடத்திடம் கெஞ்சிப் பார்த்தார். "மேடம், நான் குஷன் வேலைக்காரன். உறையைக் கழட்டாம பஞ்சு மாத்த முடியாது, ஒத்துக்கறேன். ஆனா கழட்டறதும் மாத்தறதும் ஒரே ஆளுங்க. இங்க ஏன் ரெண்டு ஆபீஸு?"

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த மனுஷனைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க. பதினோரு வருஷமாப் பேச்சுவார்த்தை கிடையாது. நான், நீ, அவன், அவங்க, இந்த நாலுக்கும் வேர் மாறும், எனக்கு வேலை இருக்கு. நாங்க, நீங்கள்லாம், இந்த ரெண்டுக்கும் வேர் மாறாது. நோஸ் ஸென்தாமோஸ், ஓஸ் ஸென்தாயிஸ், அப்படியே இருக்கும். ஆனா வால் மட்டும் ஆறுலயும் மாறும். அதனால அந்தாளுக்கு ஆறு பேர், எனக்கு நாலு பேராம். என்னைவிட ஒன்றரை மடங்கு முக்கியமானவர்னு மீட்டிங்ல சொன்னார். நீங்களே சொல்லுங்க, வேர் பெருசா, வால் பெருசா?"

குஷன்காரர் படிப்பக்கம் நழுவினார். எதற்கு வம்பு?

கடைசியில் விவகாரம் இயக்குநரிடம் போயிற்று. இயக்குநரின் அறையில் தோல் உறை போட்ட உயரமான மர நாற்காலி. அதில் அவர் அமர்ந்திருந்த தோரணையைப் பார்த்தால், நாற்காலியைச் செய்துவிட்டு அவரை வைத்தார்களா, அவரை வைத்துவிட்டுச் சுற்றி நாற்காலியைச் செய்தார்களா என்று சந்தேகம் வரும். ஆனால் தொழில்காரக் கண் வேறு ஒன்றைப் பார்த்தது. பின்னங்கால் ஒன்றில் ஆப்பு தளர்ந்து விரல் நுழையும் அளவு இடைவெளி.

"சென்ற ஆண்டு நாற்பத்தொரு பேர் நாற்பத்தேழாம் வினையை எழுதினார்கள்," என்று தொடங்கினார் இயக்குநர். மேடை இல்லாவிட்டாலும் அவர் மேடையில்தான் பேசுவார். "நாற்பத்தொரு பேரும் நின்றார்கள். அதுதான் நம் தரம். அயல்நாட்டில் என்ன நடக்கிறது? மூன்று வயதுக் குழந்தை 'மே ஸியென்தோ' என்று சொல்லிக்கொண்டு எந்த அனுமதியும் இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ஸ்பானிஷைக் கெடுத்துவிட்டார்கள். அது எங்கள் அட்டவணையில்தான் பத்திரமாக இருக்கிறது. முப்பது வருஷமாக நான் ஸ்பானிஷில் ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை. அதனால் ஒரு தவறுகூடச் செய்ததில்லை!"

வேர் மேடமும் வால் சாரும் தனித்தனியாகக் கை தட்டினார்கள்.

"ஐயா, ஒரு விஷயம்," என்றார் குஷன்காரர். "உங்க நாற்காலி பின்னங்கால்ல ஆப்பு தளர்ந்திருக்குங்க. பையில சுத்தியல் இருக்கு. ரெண்டு தட்டு தட்டினா..."

"உட்காரத் தெரியாதவர் நாற்காலியைப் பற்றிப் பேசக் கூடாது."

முத்திரைக்கு மட்டும் அவர் ஒரு தீர்ப்பு சொன்னார். இரண்டும் ஒரே நொடியில், மாடிப்படியின் நட்டநடுவில் விழ வேண்டும். இயக்குநரைத் தவிர எல்லாரும் படிக்குப் போனார்கள். அங்கே புது வில்லங்கம். பதினாறு படிக்கு நடு ஏது? கீழிருந்து எண்ணினால் எட்டாவது படி, மேலிருந்து எண்ணினால் அதுவே ஒன்பதாவது. மேடம் தன் எட்டில் நின்றார், சார் தன் எட்டில் நின்றார். நடுவில் இரண்டு படிக்கும் பொதுவாகக் குஷன்காரர் விண்ணப்பத்தைத் தன் முதுகின் மேல் வைத்துக் குனிந்துகொண்டார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எழுத்தர் எண்ணினார். இரண்டு முத்திரையும் முதுகில் பொத்தென்று விழுந்தன. மறுதேர்வு நாள் கிடைத்தது. டாக்டர் சொன்ன தேதிக்குப் பதினாறு நாள் முன்னால்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் சாப்பாட்டு மேசையில் தையல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மகள் வெளிநாடு போன பிறகு மாப்பிள்ளைக்குத் துணையாகவும் பட்டறையில் உறை தைக்கும் வேலைக்கும் வந்து சேர்ந்தவர். வாய்த் துடுக்கு அதிகம், மனசு தங்கம்.

"என்ன மாப்பிள்ளை, இன்னைக்காவது உக்காரக் கத்துக்கிட்டீங்களா?"

"கேலி பண்ணாதீங்க அத்தை. கால் ரெண்டும் கழண்டு போச்சு."

"அப்படி என்னதான் மாறுதாம் அதுல?"

குஷன்காரர் அட்டவணையைக் காட்டினார். அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இதுல என்ன பெரிய அதிசயம்? நாம 'வா'ங்கறோம். அப்புறம் 'வர்றேன்'ங்கறோம். யாராவது 'வாகிறேன்'னு சொல்றோமா? 'வா'வோட கால் எங்க போச்சு, 'ர்' எப்படி முளைச்சுச்சுன்னு ஒரு நாளாவது கேட்டிருப்போமா? ஆபீஸ் போட்டு முத்திரை குத்தினோமா?"

"அது சரி. ஆனா இந்த 'மே' இருக்கே, எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது."

அதற்குள் போன் அடித்தது. மனைவிதான். ஸ்பீக்கரில் போட்டார். கேட்டதும் அவள் சிரித்தாள். "'உக்கார்றேன்'னு சொல்றதுக்கும் 'உக்காந்துக்கறேன்'னு சொல்றதுக்கும் நடுவுல ஒரு 'க்க' வருதில்ல, அதாங்க இந்த 'மே'. நமக்காக நாமளே செஞ்சுக்கறது. நாம வாலைக் கடைசியில வச்சிருக்கோம், இவங்க முன்னாடி தூக்கி வச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

மூன்று மாதமாக மண்டையில் ஏறாதது ஒரு 'க்க'வில் ஏறிவிட்டது. குஷன்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய்விட்டு முழு அட்டவணையையும் ஒப்பித்தார். "மே ஸியென்தோ, நான். தே ஸியென்தாஸ், நீ. ஸே ஸியென்தா, அவன், அவள், மரியாதையா 'நீங்க'ன்னாலும் அதுதான். நோஸ் ஸென்தாமோஸ், நாம. ஓஸ் ஸென்தாயிஸ், நீங்கள்லாம். ஸே ஸியென்தான், அவங்க."

"அப்போ தனியா உக்காந்தா வேர் மாறிடுது, நாம சேர்ந்து உக்காந்தா மாறலையா?" என்றார் அத்தை.

"ஆமா அத்தை. ஆனா அவங்க சேர்ந்து உக்காந்தா மாறும்."

"அவங்க எக்கேடோ கெட்டுப் போகட்டும். நாம மாறலைல்ல, அது போதும்."

போனில் மனைவி பெருமூச்சு விட்டாள். "என்னம்மா, ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்டார் குஷன்காரர்.

"மே ஸியென்தோ கன்ஸாதா," என்றாள் அவள்.

"உக்காந்துட்டியா? நல்லது, நல்லது."

"எங்க உக்கார்றது? வார்டுல நின்னுக்கிட்டுத்தான் பேசறேன். லீவு அடுத்த வாரந்தான். இது வேற ஸியென்தோங்க. உணர்றது. அசதியா இருக்குன்னு சொன்னேன். 'நான்'னு வர்றப்போ மட்டும் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். அடுத்தவங்களைச் சொல்றப்போ பிரிஞ்சுடும். உக்காந்தா ஸே ஸியென்தா, உணர்ந்தா ஸே ஸியென்தே." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எப்படியாவது வந்துடுங்க. பயமா இருக்கு."

"வந்துடறேன்மா," என்றார். 

தேர்வு நாளன்று வாரியம் அமர்க்களப்பட்டது. வருஷத்துக்கு ஒரு முறை அந்த நாட்டிலிருந்து வரும் புறத்தேர்வாளர் வந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, பள்ளிக்கூடத்து டீச்சர் ஜாடை. நாலு வருஷமாகத் தமிழ் படிக்கிறாராம். தேர்வு இயக்குநர் அறையிலேயே. நீண்ட மேசைக்குப் பின்னால் அதே தோல் நாற்காலியில் இயக்குநர், பக்கத்தில் வேர் மேடம், வால் சார், ஓரத்தில் அந்த அம்மாள். மேசைக்கு முன்னால் கயிறு கட்டிய நாற்காலி ஒன்று. அதன் பக்கத்தில் கருவிப் பையோடு குஷன்காரர். வேலைக்கு இடையில் நேராக வந்திருந்தார்.

உள்ளே நுழைந்ததுமே அந்த அம்மாள், "ஸியென்தேஸே," என்று நாற்காலியைக் காட்டினார். உட்காருங்கள் என்று அர்த்தம்.

குஷன்காரர் முட்டியை மடக்கப் போனார். "நில்லுங்க!" என்று கத்தினார் வேர் மேடம். "அது ஏவல். நம்ம பாடத்திட்டத்துல நிகழ்காலம் மட்டுந்தான். ஏவினதுக்கெல்லாம் உக்காரக் கூடாது."

அம்மாள் புருவத்தை உயர்த்தினார்.

முதல் பகுதியில் அட்டவணை. ஆறும் பிசகாமல் ஒப்பித்தார் குஷன்காரர். வேர் நான்கும் மாறின, இரண்டு மாறவில்லை. வால் ஆறும் மாறின. இரண்டாம் பகுதி, வினையை வாக்கியத்தில் பயன்படுத்துதல்.

"மே ஸியென்தோ," என்றார் குஷன்காரர் கணீரென்று.

மேசைக்குப் பின்னால் இருந்த வாரியக்காரர் மூவரும் குனிந்து அவர் கால்களைப் பார்த்தார்கள்.

"நிக்கறீங்களே?" என்றார் வால் சார். "விதி பதினாலு. தேர்வறையில் சொல்லும் வாக்கியம் உண்மையா இருக்கணும். நின்னுக்கிட்டு 'உட்காருகிறேன்'னா அது பொய் வாக்குமூலம்."

"அப்போ உக்காந்துக்கட்டுங்களா?"

"தேர்ச்சி பெறாம உக்காந்தா அத்துமீறல். விதி மூணு."

குஷன்காரருக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றியது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "உக்காராம உண்மை சொல்ல முடியாது. உண்மை சொல்லாம பாஸ் ஆக முடியாது. பாஸ் ஆகாம உக்கார முடியாது. அப்போ இதுவரைக்கும் இங்க யாருதாங்க பாஸ் ஆனாங்க?"

"ஒருவரும் இல்லை," என்றார் இயக்குநர் பெருமையோடு.

"நீங்க மூணு பேரும் உக்காந்திருக்கீங்களே?"

"நாங்கள் இந்த விதி வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டோம். அதனால்தான் நான் எழுந்திருப்பதே இல்லை."

அட பாவிகளா! குஷன்காரருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு வார்டில் நின்றவள். பதினாறு நாள்தான் இருக்கிறது. இங்கே இவர்கள் கயிறு கட்டி விளையாடுகிறார்கள். முட்டி இரண்டும் விண்விண் என்று தெறித்தது. அந்த அசதியில், அவள் சொன்ன வாக்கியம், கடைசி 'தா' மட்டும் ஆணுக்குரிய 'தோ'வாகி, அவர் வாயில் தானாக வந்தது.

"மே ஸியென்தோ கன்ஸாதோ."

"கன்ஸாதோ அட்டவணையிலேயே கிடையாது," என்று தவறுக்குறி போட்டார் வேர் மேடம்.

"வால் சரியா இருக்கு. ஆனா பின்னாடி ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு," என்றார் வால் சார்.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் எடுத்து வைத்தார். "சரி. மிகச் சரி. அவர் சோர்வாக உணர்கிறார். வினை சரி, வாக்கியம் உண்மை. அவர் நிற்கிறார், பொய்யும் சொல்லவில்லை. இந்த அறையில் இன்று முதல் முறையாக ஒருவர் ஸ்பானிஷ் பேசியிருக்கிறார்."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "அம்மணி, உணர்தல் இந்த வாரியத்தின் அதிகார வரம்பில் வராது."

"நான் தமிழ் கற்றபோது ஒரு வீட்டில் 'நான் நாளைக்கு வாகிறேன்' என்று சொன்னேன்," என்றார் அந்த அம்மாள். "எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நாற்காலி போட்டார்கள். தேநீர் கொடுத்தார்கள். யாரும் என்னை நிற்க வைக்கவில்லை."

அத்தையின் 'வாகிறேன்'! குஷன்காரர் தன்னை மறந்து சிரித்துவிட்டார்.

இயக்குநருக்கு அது பொறுக்கவில்லை. "உண்மையான 'மே ஸியென்தோ' எப்படி இருக்க வேண்டும் என்று நானே காட்டுகிறேன்," என்று எழுந்தார். அவர் எழுந்ததை அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை என்பதால் ஜன்னல் எழுத்தர்கூட எட்டிப் பார்த்தார். இயக்குநர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். முப்பது வருஷத்தில் முதல் ஸ்பானிஷ் வாக்கியம்.

"மே... ஸியென்தோ!"

உட்கார்ந்தார். பின்னங்கால் ஆப்பு 'டக்' என்றது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ள, இயக்குநர் மேசைக்குக் கீழே போய்ச் சேர்ந்தார்.

அந்த அம்மாள் பதறிப்போய் ஓடிவந்து குனிந்தார். "கோமோ ஸே ஸியென்தே?" எப்படி இருக்கிறது உங்களுக்கு, அடி பட்டதா என்று கேட்கிறார். பாவம், நல்ல மனசு.

தரையிலிருந்து இயக்குநரின் குரல் வந்தது, ஒரு விரல் மட்டும் மேசைக்கு மேலே தெரிந்தது. "ஸே ஸியென்தா. 'தே' இல்லை, 'தா'. அட்டவணையைப் பாருங்கள், அம்மணி."

 அந்த அம்மாள் மெதுவாக நிமிர்ந்து வேர் மேடத்தைப் பார்த்தார். வேர் மேடம் வால் சாரைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஒரே நேரத்தில் இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது.

குஷன்காரருக்கு மட்டும் சிரிக்கத் தோன்றவில்லை. கால் உடைந்த நாற்காலியைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. மேசையைச் சுற்றிப் போய், இயக்குநரைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து வைத்தார். பையைத் திறந்து சுத்தியலை எடுத்தார். "அன்னைக்கே சொன்னேனுங்களே ஐயா. கொஞ்சம் அந்தக் காலைப் பிடிங்க. உங்க காலை இல்ல, நாற்காலியோடதை," என்றபடி அவர் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிறகுதான் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னார்: "மே ஸியென்தோ."

"இது உண்மைதானே?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

வால் சார் விதிப் புத்தகத்தை வேகவேகமாகப் புரட்டினார். நாற்காலி, பெஞ்சு, ஸ்டூல் எல்லாவற்றுக்கும் தடை இருந்தது. தரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேர் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போட்ட தவறுக்குறியை அடித்தார். அந்த அம்மாள் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். இயக்குநர் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்ததால் ஆட்சேபம் தெரிவிக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

விசா வந்தது, டிக்கெட் வந்தது. குஷன்காரர் அந்த ஆஸ்பத்திரிக்குள் ஓடியபோது மனைவிக்கு வலி எடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கட்டிலின் பக்கத்தில் ஒரு நாற்காலி. பழக்க தோஷத்தில் அதன் குறுக்கே கயிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இல்லை. வார்டு நர்ஸ் "ஸியென்தேஸே" என்றாள். உட்கார்ந்தார். மனைவி அவர் கையைப் பிடித்தவள் பிடித்தவள்தான், ஒன்பது மணி நேரம் விடவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.

பெண் குழந்தை. மூன்றாம் நாள் மத்தியானம், குழந்தை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது அத்தையிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ளை, பேத்தி எப்படி இருக்கா? ... நல்லது, நல்லது. இங்க உங்களுக்கு வாரியத்துலயிருந்து ஒரு ஓலை வந்திருக்கு, படிக்கறேன் கேளுங்க. 'தரை என்பது அங்கீகரிக்கப்பட்ட இருக்கை அல்ல என விதி திருத்தப்பட்டுள்ளது. மேலும், மே ஸியென்தோ என்ற தொடர் உட்காருதலுக்குரியதா உணர்தலுக்குரியதா எனத் தீர்மானிக்க இரு புதிய பிரிவுகள் தொடங்கப்பட்டுள்ளன. ஆகவே விண்ணப்பதாரர் உடனடியாக நேரில் வந்து, முடிவு தெரியும்வரை நிற்க வேண்டும்.' திரும்பி வந்து நின்னுட்டுப் போகணுமாம் மாப்பிள்ளை! என்ன பதில் எழுத?"

கட்டிலில் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தையல் போட்ட இடம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். குஷன்காரர் குழந்தை விழித்துவிடாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரே வரி போதும் அத்தை. லோ ஸியென்தோன்னு எழுதிடுங்க."

"அப்படின்னா?"

"மன்னிச்சுக்கோங்கன்னு அர்த்தம். எந்திரிக்க முடியாது, மடியில பிள்ளை தூங்குது."